மில் வாசலில் எரியும் உமியும் நாம் மூட்டை மூட்டையாக வாங்கும் சீமெந்தும்

சம்மாந்துறையிலோ நிந்தவூரிலோ அக்கரைப்பற்றிலோ அறுவடைக் காலத்தில் இரண்டு நாள் தங்கியிருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. காலையில் கொடியில் காயப்போட்ட வெள்ளைச் சட்டை, அஸருக்குப் பிறகு எடுக்கும்போது கறுத்தப் புள்ளிகளோடு இருக்கும். முற்றத்தைக் கூட்டினால் மண்ணோடு சேர்ந்து சாம்பலும் வரும். நெல் ஆலைகளின் புகைபோக்கியிலிருந்து பறப்பது பாதி. ஆலைக்குப் பின்னால் குவித்துக் கொளுத்திவிடும் உமியிலிருந்து காற்றோடு வருவது மீதி.

இந்தச் சாம்பலைப் பற்றி எங்கள் ஊர்களில் இரண்டு வகைப் பேச்சுத்தான் உண்டு. ஆலைகளை ஊருக்கு வெளியே கொண்டுபோங்கள் என்று அயலவர்கள் முறையிடுவார்கள். ஆலை தூரப்போனால் விவசாயி நெல்லை எங்கே கொண்டுபோவான், அங்கே வேலை செய்பவன் எங்கே போவான் என்று ஆலைக்காரர்கள் கேட்பார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருப்பதால் பேச்சு எந்த முடிவுக்கும் வராமல் அடுத்த போகம் வரை ஒத்திப்போகும். அந்தச் சாம்பலை ஒழுங்காக எரித்து எடுத்து, ஒழுங்காக அரைத்தால், அது சீமெந்தின் ஒரு பகுதிக்குப் பதிலாகப் பாவிக்கக்கூடிய பொருள் என்ற மூன்றாவது பேச்சு மட்டும் இன்னும் தொடங்கப்படவில்லை. அதைத் தொடங்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஏன் இப்போது என்று கேட்டால், சீமெந்தின் கதையை நினைவுபடுத்திக் கொண்டால் போதும். 2021 இல் ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த 50 கிலோ மூட்டை, டொலர் தட்டுப்பாட்டோடு 2022 இல் மூவாயிரம் ரூபாயை எட்டியது. அத்திவாரம் போட்டு, சுவர் இடுப்பளவுக்கு எழுந்த நிலையில் நின்றுபோன வீடுகள் எத்தனையோ. மகளின் கலியாணத்துக்கு என்று தொடங்கிய வீட்டைக் கலியாணம் முடிந்த பிறகும் முடிக்க முடியாமல் தவித்த தகப்பன்மாரை எனக்குத் தெரியும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் வெள்ளமும் நாட்டின் பல பாகங்களில் வீடுகளை அழித்துவிட்டுப் போயின. மீளக்கட்டும் வேலை ஒரே காலத்தில் தொடங்கினால் கல், மண், சீமெந்து, மேசன் கூலி எல்லாம் எப்படி ஏறும் என்பதை 2004 சுனாமிக்குப் பிறகு சாய்ந்தமருதுவிலும் மருதமுனையிலும் கல்முனையிலும் நாம் நேரில் பார்த்தோம். உதவி நிறுவனம் ஒரு தொகையை ஒதுக்கும். அந்தத் தொகையில் கூரை வருமுன் காசு முடிந்திருக்கும்.

நல்ல வருடமொன்றில் இலங்கையில் 45 இலட்சம் முதல் 50 இலட்சம் மெற்றிக் தொன் வரை நெல் விளைகிறது. அதிகம் விளையும் மாவட்டங்களில் அம்பாறையும் ஒன்று. நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமி. அந்த உமியை எரித்தால் அதில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக மிஞ்சும். ஒரு நாளைக்கு 20 தொன் நெல் குற்றும் நடுத்தர ஆலையை எடுத்துக்கொண்டால், 4 தொன் உமி, 800 கிலோ சாம்பல். நிறைக்கு நிறை பார்த்தால் 16 மூட்டைச் சீமெந்தின் பாரம், ஒரே ஆலையில், ஒரே நாளில். நாடு முழுவதற்கும் கணக்குப் பார்த்தால் சாம்பல் 2 இலட்சம் தொன்னுக்குக் கிட்ட வருகிறது. முழுவதும் கைக்குக் கிடைக்கும் என்று சொல்லவில்லை. எவ்வளவு பொருள் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது என்பதைக் காட்டத்தான் இந்தக் கணக்கு.

சாம்பல் எப்படிச் சீமெந்தாகும் என்று மேசன்மார் சிரிப்பார்கள். சாம்பல் தனியே சீமெந்தாகாது. சீமெந்தோடு சேர்ந்து வேலை செய்யும். நெற்பயிர் வளரும்போது மண்ணிலிருந்து சிலிக்கா என்ற பொருளை உறிஞ்சி உமியில் சேர்த்து வைக்கிறது. உமி சொரசொரப்பாக இருப்பதும், மாடு அதை விரும்பித் தின்னாததும் இதனால்தான். எரித்த சாம்பலில் நூற்றுக்கு 85 முதல் 95 வரை இந்தச் சிலிக்காதான். சீமெந்து தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது ஒரு பகுதி சுண்ணாம்பு வேலையில்லாமல் மிஞ்சுகிறது. நுண்ணியதாக அரைத்த உமிச்சாம்பல் அந்தச் சுண்ணாம்போடு சேர்ந்து மேலும் பிணைப்புப் பொருளை உண்டாக்குகிறது, கொங்கிரீட்டிலுள்ள நுண்துளைகளையும் அடைக்கிறது. சீமெந்தில் 10 முதல் 20 வீதம் வரை இப்படி மாற்றீடு செய்யலாம் என்பது பல நாடுகளின் பரிசோதனைக் கூடங்களில் திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விடயம்.

நுண்துளை அடைபடுவதால் கடலோர ஊர்களுக்குத் தனி நன்மை ஒன்றும் இருக்கிறது. உப்புக் காற்றும் உவர் நீரும் கொங்கிரீட்டுக்குள் ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பதை நமது கரையோர வீடுகளில் யாரும் பார்க்கலாம். பத்துப் பதினைந்து வருடத்தில் பீமின் அடிப்பக்கம் வெடித்துக் கம்பி தெரியும். உப்பு உட்புகுவதை உமிச்சாம்பல் கலந்த கொங்கிரீட் குறைக்கிறது. பாதகமும் உண்டு. அது அதிகம் தண்ணீர் கேட்கும், ஆரம்ப நாட்களில் மெதுவாக இறுகும், நனைத்து வைக்கும் நாட்களைக் கூட்ட வேண்டும். மூன்று நாள் தண்ணீர் ஊற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும் நமது வழக்கத்துக்கு இது ஒத்துவராது.

இதில் புதுமை ஒன்றுமில்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பேராசிரியராக இருந்த பி. குமார் மேத்தா 1970களிலேயே உமிச்சாம்பல் சீமெந்துக்குக் காப்புரிமை பெற்றிருந்தார். இந்தியாவின் கொங்கிரீட் வேலைகளுக்கான தரக்கோவை 2000 ஆம் ஆண்டிலேயே, தேவையான தரமும் சீரும் இருந்தால் உமிச்சாம்பலைப் பாவிக்க இடம் கொடுத்துவிட்டது. இலங்கையிலும் நமது பல்கலைக்கழக மாணவர்கள் இதைப் பற்றி ஆய்வறிக்கை எழுதுகிறார்கள், பட்டமும் பெறுகிறார்கள். அறிக்கை நூலகத்தில் இருக்கிறது, உமி தெருவில் எரிகிறது.

உள்ளூரில் சாத்தியமில்லை என்பவர்களுக்குப் புத்தளத்தைக் காட்ட வேண்டும். நுரைச்சோலை அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரித்து மிஞ்சும் சாம்பலைச் சீமெந்துக் கம்பனிகள் எடுத்துத் தமது உற்பத்தியில் கலக்கின்றன. கலப்புச் சீமெந்துக்கென்று நாட்டில் தரக்கட்டளையும் இருக்கிறது. அயலிலுள்ள மக்கள் வருடக்கணக்காக அந்த மின் நிலையத்தின் தூசைப் பற்றி முறையிட்டு வருகிறார்கள். அதே சாம்பல் பைக்குள் போனதும் விற்பனைப் பொருளாகிவிடுகிறது. இந்தோனேசியாவிலிருந்தும் தென்னாபிரிக்காவிலிருந்தும் கப்பலில் வந்த நிலக்கரியின் சாம்பலுக்குச் சீமெந்தில் இடம் உண்டு. சம்மாந்துறை வட்டையில் விளைந்த நெல்லின் சாம்பலுக்கு இல்லை. ஏன்?

இதைச் சூழ்ச்சி என்று எழுதுவது இலகு. உண்மைக் காரணம் சாதாரணமானது. நிலக்கரிச் சாம்பல் ஒரே இடத்தில், ஒரே வகை உலையிலிருந்து, ஓரளவு ஒரே தரத்தில் பெருந்தொகையாக வருகிறது. ஒரு கையொப்பத்தில் முழுவதற்கும் ஒப்பந்தம் செய்யலாம். உமிச்சாம்பலோ நூற்றுக்கணக்கான ஆலைகளிலிருந்து, ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எரித்து வருகிறது. எரிக்கும் விதம்தான் இங்கே எல்லாம். ஏறத்தாழ 500 முதல் 700 பாகை செல்சியஸ் வெப்பத்தில், காற்றோட்டத்தோடு எரிந்தால் வெளிறிய சாம்பல் நிறத்தில் வேலைக்கு உதவும் சாம்பல் கிடைக்கும். குவித்துக் கொளுத்தினால் உள்ளே அரைகுறையாக வெந்து கரி மிஞ்சிக் கறுப்பாக இருக்கும். அந்தக் கரி தண்ணீரை உறிஞ்சிக் கலவையைக் கெடுக்கும். மிதமிஞ்சிய சூட்டில் எரிந்தாலோ சிலிக்கா பளிங்குத்தன்மை அடைந்து சுண்ணாம்போடு சேரும் குணத்தை இழந்துவிடும். அந்தப் பளிங்குத் தூசு சுவாசப்பைக்கும் ஆபத்தானது. ஆகவே இன்று மில் வாசலில் எரிவது கட்டடத்துக்கும் உதவாது, அயலவரின் நெஞ்சுக்கும் நல்லதல்ல.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் கல் அறுப்பவர் ஒருவர், யாரோ சொன்னதைக் கேட்டு, ஆலைக்குப் பின்னால் கிடந்த கறுத்த சாம்பலை அப்படியே அள்ளிச் சீமெந்துக் கல்லில் கலந்து பார்த்தார். கல் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது. அடுக்கி இறக்கும்போதே மூலைகள் உதிர்ந்தன. கட்டிய மதிலின் அடிவரிசை முதல் மாரி மழையில் பொரியத் தொடங்கியது. அவர் மோசடிக்காரர் அல்ல. எந்தச் சாம்பல், எவ்வளவு அரைப்பது, எவ்வளவு கலப்பது என்று சொல்லிக் கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மதிலுக்குப் பிறகு எங்கள் ஊரில் உமிச்சாம்பல் என்று வாய் திறந்தால் கேட்பாரில்லை. அரைகுறை அறிவோடு இன்னொரு முறை இறங்கினால் இந்த யோசனை ஒரு தலைமுறைக்குச் செத்துப்போகும்.

இன்னொரு விடயத்தையும் சொல்லாமல் விட முடியாது. ‘விவசாயக் கழிவு’ என்று நாம் இலகுவாகச் சொல்கிறோம், ஆனால் உமி முழுக்க ஆளில்லாத சொத்து அல்ல. நெல் அவிக்கும் கொதிகலனுக்கு ஆலைக்காரரே அதில் ஒரு பகுதியை எரிக்கிறார். கோழி வளர்ப்பவர்கள் கூட்டில் பரப்ப மூட்டை மூட்டையாகக் கொண்டுபோகிறார்கள். செங்கல் சூளைக்காரர்கள் விறகுக்குப் பதிலாகப் பாவிக்கிறார்கள். பெரிய கம்பனிகளும் எரிபொருளாக வாங்கியிருக்கின்றன. நாளை உமிக்கு நல்ல விலை வந்தால் முதலில் அடிபடுவது ஐம்பது கோழி வைத்துப் பிழைக்கும் பெண்தான். அதனால் உமியை விடச் சாம்பலில் கைவைப்பதே சரி என்று நினைக்கிறேன். கொதிகலனில் எப்படியும் எரிகிற உமியை, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் நல்ல உலையில் எரித்தால் நெல்லும் அவியும், பாவிக்கத்தக்க சாம்பலும் மிஞ்சும், புகையும் குறையும். அந்த உலைக்கும் அரைக்கும் இயந்திரத்துக்கும் ஒரு தனி ஆலைக்காரரால் முதல் போட முடியாது. ஐந்தாறு ஆலைகள் சேர்ந்தால் முடியும். எங்கள் ஆலைக்காரர்கள் நெல் விலை விடயத்தில் ஒன்றுகூடத் தெரிந்தவர்கள்; சாம்பலுக்கும் ஒருமுறை ஒன்றுகூடினால் என்ன?

கட்டுமானப் பொருட்களை எது தீர்மானிக்கிறது என்பதற்கு ஒரு பழைய செய்தி. அஸ்பெஸ்டஸ் கூரைத்தகடு உடலுக்குக் கேடு என்பதால் 2018 தொடக்கம் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்த அரசு தீர்மானித்திருந்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததென்று ரஷ்யா தேயிலை இறக்குமதியைத் தற்காலிகமாக நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் நமக்குப் பெருமளவில் வந்ததும் ரஷ்யாவிலிருந்துதான். சில நாட்களுக்குள் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடு ஒத்திவைக்கப்பட்டது, தேயிலைத் தடையும் நீங்கியது. நமது தலைக்கு மேலிருக்கும் கூரையை வைத்தியர்களோ பொறியியலாளர்களோ தீர்மானிக்கவில்லை. உலகச் சந்தைக்குத் தென்னந்தும்பு ஏற்றுமதி செய்யும் இந்த நாட்டில், தும்பும் சீமெந்தும் சேர்த்த தகட்டைச் சந்தைக்குக் கொண்டுவர யாரும் விடாப்பிடியாக உழைத்திருந்தால், அன்றைக்கு அரசுக்குச் சொல்லக்கூடிய பதிலாவது ஒன்று இருந்திருக்கும்.

சில பெரியவர்கள் இதைக் கேட்டுச் சொல்லும் வார்த்தை: “சாம்பலையும் சக்கையையும் வைத்தா பள்ளி கட்டுவது?” எனது மூத்தம்மாவின் வீட்டுச் சுவர் களிமண்ணும் உமியும் குழைத்து எழுப்பியது, கூரை கிடுகு. 1978 சூறாவளியில் கூரை பறந்தது, சுவர் நின்றது என்று உம்மா சொல்வார். அதற்கும் முன்னால் போனால், மதீனாவில் மஸ்ஜிதுன் நபவி முதன்முதலில் எழும்பியபோது அதன் சுவர் வெயிலில் காய்ந்த மண்கல், தூண் பேரீச்ச மரத்தண்டு, கூரை பேரீச்ச ஓலை. கையில் இருந்த பொருளில் கட்டினார்கள். ஓலைக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. இஸ்ராப் பற்றி மிம்பரில் கேட்கும் நாம், அதே மஸ்ஜிதின் மதிலுக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து லொறியில் சீமெந்து இறக்கும்போது, அரை மைலுக்கு அப்பால் எரிவது என்ன என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கலாம் அல்லவா.

எனக்குத் தெரிந்த ஓர் ஆலை உரிமையாளரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரேயொரு கேள்வி கேட்டார். “சரி தம்பி, உலை போடுறன், அரைக்கிறன். ஆரு வாங்குவான்?” என்னிடம் அப்போது பதில் இருக்கவில்லை. இப்போது ஒரு பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எங்கள் ஊர்களில் வருடா வருடம் ஓயாமல் கட்டுவது யார் என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிவாசல்கள், மத்ரஸாக்கள், மையவாடி மதில்கள், ஸகாத் நிதியத்தில் ஏழைகளுக்குக் கட்டும் வீடுகள். தனித்தனியே பார்த்தால் சிறு வேலைகள். ஒரு மாவட்டத்துக்குச் சேர்த்துப் பார்த்தால் ஒரு பெரிய கொந்தராத்துக்காரரை விடப் பெரிய வாடிக்கையாளர். பொருளை யார் தீர்மானிப்பது? நம்பிக்கையாளர் சபையும் ஸகாத் குழுவும். அவர்கள் விலைமனு கோரும்போது, மதிலுக்கும் பாரம் தாங்காத உட்சுவருக்கும் பாவிக்கும் கற்களில் ஒரு பங்கு பரிசோதித்த உமிச்சாம்பல் கலந்ததாக இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், ஆலைக்காரரின் கேள்விக்கு அதுவே பதில். பீம், தூண், சிலாப் எதிலும் இப்போதைக்குக் கைவைக்க வேண்டாம். மதில் விழுந்தால் திரும்பக் கட்டலாம். சிலாப் விழுந்தால் ஜனாஸாதான்.

ஸகாத் பணத்தில் பரிசோதனை செய்யலாமா என்று ஒரு மௌலவி நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஏழையின் வீடு பரிசோதனைக் கூடமாகக் கூடாது. அதனால்தான் முதலில் பள்ளி மதில், பிறகு மத்ரஸா மலசலகூடச் சுவர், இரண்டு மாரி தாங்கினால் மட்டும் ஸகாத் வீடு என்ற வரிசை சரியென்று படுகிறது. ஒரு வீட்டுக்கு 100 மூட்டைச் சீமெந்து போகும் இடத்தில் 10 மூட்டையாவது மிச்சமானால், பத்து வீட்டில் 100 மூட்டை. சாம்பலை அரைக்கும் செலவு, ஏற்றிறக்கும் கூலி எல்லாம் கழித்து மிச்சம் என்ன என்பதை யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டும். மிச்சம் இல்லையென்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பச்சைக் கட்டடம், பசுமைத் திட்டம் என்று பதாகை கட்டிப் படம் எடுத்துவிட்டுப் போகும் வேலையாக இது முடியக்கூடாது. அப்படி முடிந்தவை ஏற்கனவே போதும்.

பரிசோதிப்பது யார்? ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பொறியியல் பீடமும் தொழில்நுட்பவியல் பீடமும் அதில் இருக்கின்றன. பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலேயே, நெல் ஆலைகளுக்கு நடுவில் இருக்கிறது. இந்தப் பல்கலைக்கழகத்துக்காக எமது மக்களும் தலைவர்களும் எவ்வளவு போராடினார்கள் என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். எந்த ஆலையின் சாம்பல் எந்த நிலையில் இருக்கிறது, எவ்வளவு நேரம் அரைக்க வேண்டும், நமது ஆற்று மண்ணோடு எந்த விகிதம் சரிவரும் என்ற மூன்று கேள்விகளுக்கு இரண்டு பக்கத்தில் தமிழில் பதில் தந்தால் போதும். மேசனும் கல் அறுப்பவரும் வாசிக்க வேண்டிய பக்கம் அது. அதற்குப் பிறகுதான் தரக்கட்டளை. அழுத்திய மண்கற்களுக்கு எஸ்.எல்.எஸ். 1382 என்று ஒரு தரக்கட்டளை இந்த நாட்டில் வந்தது. மாற்றுப் பொருள் ஒன்றுக்கு இங்கே அங்கீகாரம் கிடைக்காது என்று சொல்பவர்களுக்கு அது போதுமான பதில்.

எங்கள் மஹல்லாவில் மையவாடி மதிலின் தெற்குப் பக்கம் சரிந்து கிடக்கிறது. ஏறத்தாழ நாற்பது அடி. அடுத்த நிருவாகக் கூட்டத்தில் அந்த நாற்பது அடியைக் கேட்கப் போகிறேன். பாதியை வழக்கமான கல்லிலும், பாதியைப் பரிசோதித்த சாம்பல் கலந்த கல்லிலும் கட்டிப் பக்கத்தில் பக்கத்தில் விட்டுவிடலாம் என்பது எனது யோசனை. கறுத்தச் சாம்பலில் கல் அறுத்துக் கையைச் சுட்டுக்கொண்ட அதே மனிதரிடம்தான் கல்லைக் கேட்டிருக்கிறேன். முதலில் மாட்டேன் என்றார். இந்த முறை சாம்பலைச் சோதித்துத் தருவது யார் என்று கேட்டார். பல்கலைக்கழகத்திலுள்ள ஒரு விரிவுரையாளருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.